எனக்கு 94, அப்பாவுக்கு 72

அப்பாவுக்காக வாங்கிய பிரஷர் மெஷினில் சும்மா என் கையையும் விட்டுப் பார்த்தேன். அவருக்கு 158/72, எனக்கு 134/94. அவருக்கு வயது 74, எனக்கு 37. மெஷின்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன், ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்தபிறகும் ஏறக்குறைய இதே கதைதான். அப்பாவுக்கு ஒரே குஷி, "பாரு, கீழ் பிரஷர் உனக்குத்தான் அதிகம், நீ போய் டாக்டரைப் பார்" என்று.

போனேன். மாத்திரையை விட அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் சுவாரசியம். பிரஷர் வயதோடு ஏறும் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது மேல் எண்ணுக்குத்தான் கடைசிவரை பொருந்தும். கீழ் எண் ஐம்பது வயதுவாக்கில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்க ஆரம்பித்துவிடும். காரணம் பெருந்தமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய். இளமையில் அது ரப்பர் மாதிரி விரிந்து, இதயம் தள்ளும் ரத்தத்தின் வேகத்தை வாங்கிக்கொண்டு மெதுவாக விடும். வயதாக ஆக விறைத்துப் போவதால் அடிக்கும்போது மேல் எண் எகிறுகிறது, அடுத்த அடிக்கு முன்னால் கீழ் எண் சரிந்துவிடுகிறது. ஆக அப்பாவின் 72 பெருமைப்பட வேண்டிய விஷயமில்லை, அந்த இடைவெளி 86 இருக்கிறதே, அதுதான் கவனிக்க வேண்டியது. என் வயதில் பெரும்பாலும் சிறு தமனிகள் இறுகுவதால் கீழ் எண்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

அமெரிக்காவில் 2017-18இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் 18-39 வயதுக்காரர்களில் 22.4 சதவீதம், 40-59இல் 54.5, அறுபதைத் தாண்டியவர்களில் 74.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். இதைப் பார்த்து "சரி, எனக்கும் அறுபதில் முக்கால்வாசி வாய்ப்பு" என்று கணக்குப் போட்டால் தப்பு. அந்த அறுபது வயதுக்காரர்கள் வேறு தலைமுறை. வேறு உடல் எடை, வேறு வேலை, வேறு சாப்பாடு. நான் அவர்கள் வயதுக்கு வரும்போது நானாகத்தான் வருவேன், அவர்களாக இல்லை. போதாக்குறைக்கு 2017இல் அங்கே எல்லைக்கோட்டையே 140/90இலிருந்து 130/80க்கு இறக்கினார்கள். ராத்திரி நார்மலாகத் தூங்கப் போன லட்சக்கணக்கானவர்கள் காலையில் நோயாளியாக எழுந்தார்கள். மேலே சொன்ன சதவீதங்களும் அந்தப் புதுக் கோட்டை வைத்து எண்ணியவைதான். எந்த வருஷத்துக் கோடு என்று பார்க்காமல் தாத்தா காலத்தையும் நம் காலத்தையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

தாத்தா காலம் என்றதும் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நினைவுக்கு வருகிறார். 1944 மார்ச்சில் அவருக்கு 186/108. உலகத்திலேயே பெரிய பதவியில் இருந்த ஆள், ஆனாலும் தாங்கக்கூடிய நல்ல மாத்திரை ஒன்றுகூட அப்போது கிடையாது. அடுத்த வருஷம் ஏப்ரலில், 63 வயதில், மூளையில் ரத்தக்கசிவு வந்து இறந்தார். சிறுநீர் பிரிய வைத்து அழுத்தம் குறைக்கும் தையசைடு மாத்திரை 1958வாக்கில்தான் வந்தது. அதனால் "அந்தக் காலத்தில் யாருக்கும் பிரஷர் இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். அளந்தவர்களும் குறைவு, கடுமையாக இருந்தவர்களில் பலர் முதுமைவரை வந்து கணக்கில் சேரவும் இல்லை.

இதற்கு நேர் எதிர்ப் பல்லவியும் உண்டு, "வயசானா ஏறத்தான் செய்யும்" என்று. அமேசான் காட்டின் யனோமாமி மக்களிடம் அளந்தபோது வயது ஏறியும் பிரஷர் ஏறவில்லை. அவர்கள் சமையலில் உப்பே கிட்டத்தட்டக் கிடையாது. உப்பு மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, அவர்கள் ஒல்லி, நாளெல்லாம் நடப்பவர்கள். ஆனால் நாம் முதுமை என்று நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு பங்கு நாம் வாழ்கிற விதம் என்பது மட்டும் தெரிகிறது.

அப்புறம், என் தம்பி. வயது 29. மெஷினை அவன் பக்கம் நகர்த்தினால் "எனக்கென்ன வயசா ஆச்சு" என்று கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்கிறான். நேற்று அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பார்த்தோம், ஓடிவிட்டான்.