ஓர் இடப்பக்கத் திருப்பமும் 14 நாட்களும்

இந்தக் குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் பழக நான் பனிமேல் நின்ற நாட்கள் மொத்தம் 14. தேர்வுக்கும் வகுப்புக்கும் நடுவே பிய்த்தெடுத்த நாட்கள். ஒவ்வொரு நாளும் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிவிடுவேன். இப்போது புரட்டிப் பார்த்தால், ஐந்தாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள்வரை ஒரே வரிதான் மறுபடி மறுபடி வருகிறது: ‘வலது சரி. இடது வரவில்லை.’

முதல் மூன்று நாட்களில் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாற்காலி லிஃப்டிலிருந்து இறங்கும்போது விழுந்தேன். சும்மா நின்றுகொண்டிருந்தபோது விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து எழும்போது மறுபடி விழுந்தேன். காலில் மாட்டிய ஸ்கீ பலகைகள் இரண்டையும் சரிவுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டுதான் எழ வேண்டும் என்பது மண்டையில் ஏற அரை நாள் ஆயிற்று. என் இடுப்பு உயரம்கூட இல்லாத குழந்தைகள் கையில் கோல்கூட இல்லாமல் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் அவற்றில் ஒரு நாள் கடைசியாக இறங்கியபோது ஓர் ஐந்து விநாடி, நான் எதுவும் செய்யாமலேயே பனி காலடியில் ஓடியது. பஸ்ஸில் தொடை இரண்டும் நடுங்க உட்கார்ந்துகொண்டு, அடுத்து எப்போது வரலாம் என்று வகுப்பு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பனிச்சறுக்கில் முதலில் கற்றுத் தருவது ஓட்டத்தை நிறுத்துவதற்கு. ஸ்கீகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து, கூரை போல வைத்துக்கொண்டு உள்விளிம்புகளை அழுத்தினால் வேகம் குறைகிறது. கேட்க எளிது. ஆனால் சரிவில் நிற்கும் உடம்புக்குத் தனிப் புத்தி இருக்கிறது. பயந்தால் அது மலைப்பக்கம், அதாவது பின்னால், சாய்கிறது. எடை குதிகாலுக்குப் போகிறது, முன்முனை லேசாகிறது. லேசான முனை பனியைப் பிடிக்காது, திரும்பாது, நேராகக் கீழே ஓடும். மெதுவாகப் போகலாம் என்று நினைத்துச் செய்கிற காரியம் வேகத்தைக் கூட்டிவிடுகிறது. கணுக்காலை மடக்கி, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு பூட்ஸின் முன்நாக்கில் அழுந்தும்படி நிற்க வேண்டும் என்றார் பயிற்சியாளர். பள்ளத்தை நோக்கி நெஞ்சைக் கொடுப்பது போன்ற உணர்வு. மூன்றாம் நாள் மாலை அது ஓரளவு வந்தது.

நான்காம் நாள் மிக எளிதான பச்சைச் சரிவிலிருந்து அடுத்த படியான நீலச் சரிவுக்குப் போனேன். (நிறத்தை ரொம்ப நம்ப வேண்டாம். ஒவ்வொரு தளமும் தன் சரிவுகளைத் தனக்குள்ளேதான் ஒப்பிட்டு நிறம் கொடுக்கிறது. ஓரிடத்தின் நீலம் இன்னோரிடத்தில் அதைவிடக் கடினமான சிவப்பாக இருக்கலாம்.) அங்கேதான் ஒரு விதி உண்மையில் புரிந்தது: கீழே, நமக்கு முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை. பின்னால் வருபவர்தான் விலகிப் போக வேண்டும். அதுவரை முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டாலே ஒதுங்கப் பார்த்து விழுந்துகொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் சீனியர் மாணவர் ஒருவரின் பழைய ஸ்கீ கைக்கு வந்தது. நீளம் 160 செ.மீ., மேலே வளைவு ஆரம் 13 மீட்டர் என்று அச்சிட்டிருந்தது. முன்னும் பின்னும் அகலம், நடுவில் இடுப்பு. 1990களில் பரவிய வடிவம் இது. விளிம்பில் சாய்த்து எடையைப் போட்டால் பலகையே வில்லாக வளைந்து, அந்த வளைவின்படி தானாகத் திரும்பிவிடுகிறது. அதற்கு முந்தைய ஸ்கீகள் நீளமாக, ஏறக்குறைய நேராக இருக்கும். அவற்றைத் திருப்பியவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

வலப்பக்கம் தானாகத் திரும்பியது. இடப்பக்கம்தான் தகராறு.

திரும்பும்போது எடை முழுதும் வெளிப்பக்க ஸ்கீயில் இருக்க வேண்டும். வலப்பக்கம் திரும்ப இடது கால், இடப்பக்கம் திரும்ப வலது கால். பயிற்சியாளர் ஒரு பயிற்சி கொடுத்தார்: திருப்பம் முழுவதும் உள்பக்க ஸ்கீயின் பின்முனையைப் பனியிலிருந்து ஓர் அங்குலம் தூக்கியே வைத்திருக்க வேண்டும். ஏமாற்ற முடியாத சோதனை. இடது காலில் கொக்கு மாதிரி நின்றேன். வலது காலில் நின்றால் தூக்கிய ஸ்கீ உடனே தொப்பென்று விழுந்தது. ஸ்கீ பனியை அறுக்காமல் தேய்த்துக்கொண்டு போகும் ‘கரகர’ சத்தம் வேறு. ஆறாம் நாள் அப்படி ஒரு தேய்ப்பில் விழுந்து, கோலின் வாருக்குள் கை மாட்டியிருந்ததால் கட்டைவிரல் வீங்கிக்கொண்டது. அன்றிலிருந்து வாருக்குள் கையை விடுவதில்லை.

பயம் என்று முடிவு கட்டினேன். இடப்பக்கம் மரங்கள் இருந்ததாலோ என்று சரிவையே மாற்றிப் பார்த்தேன். இரவில் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் பந்தயங்களை மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன். அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரினைத்தான் அதிகம் பார்த்தேன். பழைய பனிச்சறுக்கு வீரர் இங்கமார் ஸ்டென்மார்க்கின் 86 உலகக் கோப்பை வெற்றிகள் என்ற சாதனையை 2023 மார்ச்சில் ஸ்டென்மார்க்கின் சொந்த நாடான சுவீடனிலேயே முறியடித்தவர். 2025 பிப்ரவரியில் நூறைத் தொட்டார். அவருடைய தோளுக்குக் கீழே எல்லாம் புயல். தோளுக்கு மேலே ஒன்றும் நடக்காது. எந்தப் படத்தில் நிறுத்தினாலும் வெளிப்பக்கக் கால் நீண்டு, பனியில் ஊன்றி இருக்கும். நான் எழுந்து அறையின் நடுவில் வலது காலில் நின்று பார்ப்பேன். தரையில் ஒரு குறையும் தெரியாது. அதுதான் குழப்பமே.

பத்தாம் நாள் வாடகைக் கடையில் பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கால் விரல்கள் மரத்துப்போகின்றன, இதைவிடப் பெரிய அளவு இருக்கிறதா என்று கேட்டேன். அங்கிருந்த பெரியவர் பதில் சொல்லாமல் பூட்ஸுக்குள் இருந்த மெத்தை உறையை உருவி வெளியே எடுத்தார். வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை விடச் சொன்னார். கட்டைவிரல் முன்சுவரைத் தொடும்வரை நகர்த்தச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் தன் விரல்களை விட்டுப் பார்த்தார். இடது காலில் இரண்டு விரல் போயிற்று. வலது காலில் மூன்று விரல், தாராளமாக. பிறகு அளவுப் பலகையில் நிற்க வைத்தார். இடது 26.3 செ.மீ., வலது 25.7. நான் போட்டிருந்தது 27.5. முதல் நாள் ‘கொஞ்சம் தளர்வாகவே கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கியது நான்தான். அந்த அவமானத்தை யார் தலையிலும் கட்ட முடியாது. ஸ்கீ பூட்ஸின் எண் பாதத்தின் நீளம்தான், சென்டிமீட்டரில். சாதாரணச் செருப்பு வாங்கும் கணக்கு அங்கே செல்லாது.

விரல் மரத்ததற்கும் அதுவே காரணம். பூட்ஸ் பெரிது, கால் உள்ளே ஆடுகிறது. ஆட்டத்தை நிறுத்த நான் கொக்கிகளை இறுக்குகிறேன். பாதத்தின் மேல் ரத்த ஓட்டம் நிற்கிறது, விரல் மரக்கிறது. உடனே பூட்ஸ் சின்னது என்று தோன்றுகிறது. இடப்பக்கம் திரும்ப வலது முழங்காலை அழுத்தும்போதெல்லாம் குதிகால் உள்ளே எழும்பிக்கொண்டிருந்திருக்கிறது. கால் சாய்ந்து முடித்த பிறகுதான் ஸ்கீக்குச் செய்தி போயிருக்கிறது.

26.5 எடுத்தேன். வலது காலுக்குக் குதிகாலடியில் ஒரு மெல்லிய ஆப்பு. பூட்ஸ் மாறினால் அடிப்பாகத்தின் நீளமும் மாறும் என்பதால், பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கையும் மறுபடி சரிசெய்தாக வேண்டும். எடை, உயரம், வயது, அடிப்பாக நீளம், எவ்வளவு வேகமாகப் போகிறவர் என்பதை எல்லாம் கேட்டு ஓர் எண் வைக்கிறார்கள். குறைத்து வைத்தால் வேண்டாத நேரத்தில் ஸ்கீ கழன்றுகொள்ளும். கூட்டி வைத்தால் விழும்போது கழலாது, முழங்கால்தான் முறுகும். இதை மட்டும் வீட்டில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து செய்யாதீர்கள்.

பதினோராம் நாள் முதல் இறக்கத்திலேயே இடப்பக்கம் திரும்பியது என்று எழுத ஆசைதான். திரும்பவில்லை. பத்து நாட்கள் ஆடிய காலுக்கு நம்பிக்கை வர நேரம் பிடிக்கிறது. மதியம்வரை பழைய கரகர. பனி இளகத் தொடங்கியபின் ஒரே ஒரு முறை, வலது ஸ்கீ சட்டென்று பிடித்தது. சத்தம் மாறியது: துணியைக் கத்தரிப்பது போல ஒரு ‘ஸ்ஸ்’. பயந்து உடனே நிமிர்ந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மேகம் இறங்கி, பனியில் நிழலே விழவில்லை. மேடு எது பள்ளம் எது என்று தெரியாத வெளிச்சம். கீழே சமதளத்தில் கிராஸ்-கன்ட்ரி பனிச்சறுக்குப் பாதைக்குப் போனேன். அதில் குதிகால் கட்டப்படுவதில்லை, ஸ்கீ ஒல்லி, ஏற்றத்திலும் நம் காலால்தான் போக வேண்டும். இருபது நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போதே படுத்துக் குறிபார்த்துச் சுடும் பயத்லான் வீரர்களை நினைத்தால் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் ஒரு லாபம்: அந்த ஒல்லி ஸ்கீயில் வழுக்கிப் போவதே ஒவ்வொரு காலிலும் மாறி மாறி நிற்பதுதான். வலது காலுக்கு அன்று முழுவதும் பயிற்சி.

கடைசி நாள் காலை, இயந்திரம் சீவிவிட்ட பனி கார்டுராய் துணிபோலக் கிடந்தது. முதல் ஆளாக இறங்கினேன். மறுபடி லிஃப்டில் ஏறும்போது நாற்காலியிலிருந்து என் தடங்கள் மட்டும் கீழே தெரிந்தன. வலப்பக்கத் திருப்பங்கள் எல்லாம் பென்சிலால் கிழித்தது போல இரண்டு மெல்லிய கோடுகள். இடப்பக்கத்தில் முதலாவது, துடைப்பத்தால் இழுத்தது போல ஓர் அகலப் பட்டை. இரண்டாவது கோடு. மூன்றாவது கோடு. நான்காவது பட்டை. ஐந்தாவது, முதல் பாதி நடுங்கினாலும், கோடுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக் காட்ட வேண்டும்போல இருந்தது. அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கீயின் அடிப்பரப்பில் மெழுகை உருக்கித் தடவி, சுரண்டாமல் அப்படியே விட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். விளிம்புகளையும் அது துருவிலிருந்து காக்கும். பனி வரும்வரை தினமும் வலது காலில் நின்றுதான் பல் துலக்குவது என்று வைத்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு. நேற்று 40 விநாடி.