கண்காட்சிச் சுவருக்கு ஒரு குவில்ட்

குவில்ட் என்பது இரண்டு துணிகளுக்கிடையில் பஞ்சு விரிப்பை வைத்துத் தைக்கும் விரிப்பு. படுக்கையில் விரிக்கும் குவில்ட்டையும் போட்டிக்கு அனுப்பும் குவில்ட்டையும் ஒரே கைதான் தைக்கிறது. ஆனால் முன்னது கிடக்கிறது, பின்னது தொங்குகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் இயந்திரத்தின் முன் உட்காருபவர்கள், பூவேலை எவ்வளவு நுட்பமாக அமைந்திருந்தாலும், ஓரம் நெளிகிறது என்ற ஒரு குறிப்பை நடுவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டு வருகிறார்கள். மெத்தைமேல் கிடக்கும் துணியின் நெளிவைத் தலையணையும் மடிப்பும் மறைத்துவிடும். தொங்கவிட்ட துணியிலோ அதன் எடையே ஒவ்வொரு குறையையும் இழுத்துக் காட்டும். கோலாலம்பூரின் அடுக்குமாடி வீடுகளில், சாதாரண வீட்டுத் தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு கண்காட்சிக் கனவு காண்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேல்துணியை ஒட்டுச் சேர்ப்பதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. மேல்துணி, நடுவிலுள்ள பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஒன்றாக்கித் தைக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

இயந்திரத் தையல் போட்டிகளில் மதிப்புப் பெற்றது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள பதூக்கா நகரில் 1985 முதல் நடந்துவரும் கண்காட்சியில், 1989ஆம் ஆண்டு கேரில் பிரையர் ஃபாலர்ட் என்பவரின் சூரிய கிரகணக் குவில்ட் தலைசிறந்த படைப்பு என்ற பரிசை வென்றது; இயந்திரத்தால் தைத்த குவில்ட் ஒன்று அங்கே அந்த இடத்தைப் பெற்றது அதுவே முதல்முறை. அதுவரை கைத்தையலுக்கே அந்தப் பெருமை. இப்போது பல கண்காட்சிகளில் வீட்டு இயந்திரத்துக்கு ஒரு பிரிவும், சட்டத்தில் துணியைக் கட்டி இயந்திரத்தின் தலையை நகர்த்தித் தைக்கும் லாங்ஆர்முக்கு இன்னொரு பிரிவும் உள்ளன. லாங்ஆர்ம் சட்டம் பத்து, பன்னிரண்டு அடி நீளம் வரும். நம் வரவேற்பறையில் அதற்கு இடம் கொடுத்தால் நாம் வாசலில்தான் உட்கார வேண்டியிருக்கும். ஆகவே முதல் பிரிவுதான் நமக்கு உரியது.

தொங்கும் குவில்ட்டின் விதியைத் தீர்மானிப்பது தையலின் அடர்த்தி. ஒவ்வொரு தையல் வரியும் துணியைச் சிறிதளவு உள்ளே இழுக்கிறது. நடுப்பகுதியில் கால் அங்குல இடைவெளியில் நெருக்கமாகச் சுழித்துத் தைத்துவிட்டு, சுற்றுப்பட்டையில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு மட்டும் போட்டால், நடுப்பகுதி சுருங்கிப்போகும், சுற்றுப்பட்டை பழைய நீளத்திலேயே நிற்கும்; அந்த மிச்ச நீளம் எங்கே போகும்? பொரித்த அப்பளத்தின் ஓரம்போல் நெளிந்து எழும். இதற்கு நேர்மாறாக ஓரம் அடர்ந்து நடு வெறுமையாக இருந்தால் நடுப்பகுதி தொப்பை போட்டுத் தொங்கும். இஸ்திரி இந்தக் குறைக்கு மருந்தாகாது. ஒன்று, குறைவான பகுதியில் கூடுதலாகத் தைக்க வேண்டும். இல்லையென்றால் அதிகமான பகுதியைப் பிரிக்க வேண்டும். அதனால்தான் புதிதாகப் பழகுபவர்களிடம், பூவையும் இறகையும் வரைவதற்கு முன், பின்னணி நிரப்பை, அதாவது வடிவங்களுக்கு வெளியே உள்ள வெற்றிடத்தை நிரப்பும் தையலை, எந்த இடைவெளியில் தைப்பது என்பதை முதலில் முடிவு செய்யச் சொல்கிறேன். இறகு வடிவம் புடைத்துத் தெரிவதே அதைச் சுற்றியுள்ள நிரப்பு அடர்த்தியாக இருப்பதால்தான். அதே நிரப்பைச் சுற்றுப்பட்டையிலும் கொண்டுபோனால் சமநிலை தானாக அமைந்துவிடும்.

தைக்கும் வரிசையும் இதே நோக்கத்துக்காகத்தான். மூன்று அடுக்குகளையும் ஊக்குகளால் நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்தியோ பசைத் தெளிப்பால் ஒட்டியோ பிடித்துக்கொண்ட பிறகு, முதலில் மேலடுக்கையும் அடியடுக்கையும் ஒரே சீராக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற அழுத்துகாலைப் பொருத்தி, 2.5 மி.மீ. தையல் நீளத்தில், மூட்டுக்கோடுகளை ஒட்டி நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் நடுவிலிருந்து வெளியே தைத்துவிட வேண்டும். இது பார்வைக்காகப் போடும் தையல் அல்ல, அடுக்குகள் நகராமல் கட்டிப்போடும் தையல். மூட்டில் இஸ்திரி போட்ட மடிப்பு இல்லாத தாழ்ந்த பக்கத்தில் ஊசி ஓடினால் நூல் கண்ணில் படாது. அதன் பின்னரே துணி நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டு, துணியை எந்தத் திசையிலும் நகர்த்தவிடும் டார்னிங் ஃபுட் என்ற அழுத்துகாலைப் போட்டு, கையால் நகர்த்தித் தைக்கும் வேலை தொடங்குகிறது.

அந்தக் கட்டத்தில் தையல் நீளத்தை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. காலின் வேகமும் கையின் வேகமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. வளைவில் கை வேகமெடுப்பது எல்லோருக்கும் இயல்பு. அப்போது மேல்நூல் தளர்ந்து, குவில்ட்டின் பின்புறத்தில் சிறு சிறு வளையங்களாக, கண்ணிமை மயிர் வரிசைபோல் நிற்கும். நடுவர்கள் பின்புறத்தையும் திருப்பிப் பார்ப்பார்கள். ஆகவே உண்மைத் துணியில் இறங்குமுன், அதே துணி, அதே பஞ்சு, அதே நூல் கொண்டு ஒரு சிறு மாதிரியைத் தைத்து, நேர்க்கோட்டில் அல்லாமல் வளைவில் டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, சோதிக்க வேண்டும். மேலும் கீழும் ஒரே நிற நூலைப் போட்டால் சிறு பிழைகள் மறையும் என்பது உண்மைதான். நான் அதைத் தந்திரமாகக் கருதவில்லை, விவேகம் என்றே கருதுகிறேன். நூலின் எண் கூடக்கூட நூல் மெலியும். 50 எண் பருத்தி நூல் பெரும்பாலான வேலைக்குப் போதும். மிக நெருக்கமான நிரப்புக்கு 100 எண் பட்டு நூல் அழகாகப் படியும். பாத்திக் துணி இழை நெருங்கி நெய்யப்பட்டிருப்பதால் ஊசித்துளை அதில் எளிதில் மூடாது. கனமான நூலுக்கு 90/14 அளவுள்ள, காது பெரிதான டாப்ஸ்டிச் ஊசி தேவைப்படலாம் என்றாலும், பாத்திக்கில் 50 எண் நூலுடன் 80/12 ஊசிக்குமேல் நான் போவதில்லை.

நூல் தொடங்கும் இடமும் முடியும் இடமும் போட்டியில் தனிக் கவனம் பெறுகின்றன. ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தைத்துப் பூட்டினால் அங்கே ஒரு சிறு முண்டு தெரியும். அடியிலிருந்து வரும் பாபின் நூலை மேலே இழுத்தெடுத்து, இரு நுனிகளையும் முடிச்சிட்டு, கை ஊசியில் கோத்துப் பஞ்சுக்குள் புதைப்பதே முறை. இது சலிப்பூட்டும் வேலைதான். மாலைத் தொடர் ஓடும் நேரத்தில் அன்றன்று முடிப்பவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். கடைசியில் மொத்தமாகச் செய்ய வைத்துக்கொள்பவர்களுக்கு அது ஒரு தண்டனையாகிவிடுகிறது.

கோடு வரையும் பேனாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீரில் மறையும் நீலப் பேனாவின் கோட்டின்மேல் சூடு பட்டால் அது பழுப்புக் கறையாகத் தங்கிவிடும். ஆகவே குளிர்ந்த நீரில் முழுதும் போகும்வரை இஸ்திரிப்பெட்டியை அருகில் கொண்டுவரக் கூடாது. சூட்டில் மறையும் ஜெல் பேனாவின் சிக்கல் வேறு வகையானது. அதன் மை அழிவதில்லை, நிறத்தை இழக்கிறது. உறைநிலைக்கு வெகு கீழே குளிர்ந்தால் நிறம் திரும்பி வரும். கோலாலம்பூர் வெயிலில் அப்படி ஒரு குளிரை அந்தக் கோடு சந்திக்கப்போவதில்லை. ஆனால் குளிர்கால நாடொன்றின் கிடங்கில் இரவெல்லாம் காத்திருக்கும் பெட்டிக்குள் சந்திக்கக்கூடும். வெளிநாட்டுக்கு அனுப்பும் குவில்ட்டில் அந்தப் பேனாவைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

தைத்து முடித்ததும் விளிம்பை மூடும் ஓரப்பட்டிக்கு அவசரப்படாமல் குவில்ட்டை நனைத்துச் சதுரமாக்க வேண்டும், அதாவது ஓரங்களும் மூலைகளும் நேராக அமையும்படி விரித்துக் காயவைக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும் தையற்காரர்கள் இதற்கு ஓர் இரவு போதும் என்பார்கள். அவர்களுடைய காற்று வேறு, நம்முடைய காற்று வேறு. காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் எண்பது சதவீதத்தை ஒட்டியே நிற்கும் நகரத்தில், பருத்தி தன் ஈரத்தை எளிதில் விட்டுக்கொடுக்காது. பருத்தி இயல்பாகவே எட்டு சதவீதத்துக்குமேல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் இழை. கம்பளிப் பஞ்சு அதைவிட ஏறக்குறைய இரு மடங்கு பிடிக்கும். பாலியெஸ்டர் பெரும்பாலும் பிடிப்பதில்லை. ஆகவே கம்பளி விரிப்புப் போட்ட குவில்ட்டைப் பருவமழை மாதத்தில் நனைப்பவர், குளிர்சாதனத்தை ஈரம் நீக்கும் நிலையில் வைத்து, மின்விசிறியையும் ஓடவிட்டு, இரண்டு மூன்று நாள்கள் அந்த அறையை மறந்துவிட வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததை மடித்தால் பூஞ்சை பிடிக்கும், அதன் கரும்புள்ளிகள் போவதில்லை.

நனைக்கும்போது சாயம் கசிகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் கடைகளில் மீட்டர் கணக்கில் வாங்கும் துணியையும் கிளந்தான் பாத்திக்கையும் வெட்டுவதற்கு முன்பே தனித்தனியாக அலசிவிடுவது நல்லது. கருஞ்சிவப்பும் கருநீலமும் எப்போதும் சந்தேகத்துக்குரியவை. பருத்தி என்று சொல்லி விற்பதில் பாலியெஸ்டர் கலந்திருக்கிறதா என அறிய ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகும்.

நனைத்ததை முறுக்கிப் பிழியாமல் துண்டுகளில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, குழந்தைகள் விளையாடும் நுரை விரிப்புகளைத் தரையில் சேர்த்து, அதன்மேல் பரப்பிக் குண்டூசியால் குத்தி நிறுத்த வேண்டும். நடு மூட்டுக்கோட்டை முதலில் நேராக்கி அங்கிருந்து வெளியே போவதே சரி. எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான இரண்டு நீளங்களும் சமமாக வேண்டும். மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் எடுத்த அகலமும் சமமாக வேண்டும். இழுத்துப் பிடித்து வலிந்து சமமாக்கியது காய்ந்து தொங்கியதும் பழைய நிலைக்கே திரும்பும் என்பதையும் மறக்கக் கூடாது. முழுதும் காய்ந்த பிறகுதான் விளிம்பை வெட்டிச் சீராக்க வேண்டும்.

ஓரப்பட்டி இரட்டை மடிப்பாக இருப்பது வழக்கம். 2¼ அங்குல அகலத் துண்டு பெரும்பாலும் சரியாக அமையும். நடுவர் அதை விரல்களுக்கிடையில் பிடித்து உருட்டிப் பார்க்கும்போது உள்ளே பஞ்சு முழுதாக நிரம்பியிருக்க வேண்டும், முன்னும் பின்னும் அகலம் ஒன்றாக இருக்க வேண்டும், மூலை மடிப்புகள் இரு பக்கமும் கையால் தைத்து மூடப்பட்டிருக்க வேண்டும். பட்டியைப் பின்புறத்தில் இயந்திரத்தால் முடிப்பதை விதிகள் தடுப்பதில்லை. எனினும் கண்ணுக்குத் தெரியாத கைத்தையல் தரும் தெளிவு அதில் வருவதில்லை.

தொங்கவிடும் உறை என்பது கம்பியை நுழைப்பதற்காகக் குவில்ட்டின் பின்புறத்தில் மேல் ஓரத்தையொட்டித் தைக்கும், நான்கு அங்குல அகலமுள்ள துணிக்குழாய். குவில்ட்டை ஒட்டியிருக்கும் பக்கம் தட்டையாகவும், வெளிப்பக்கம் சற்றுத் தளர்வாகவும் இருக்கும்படி தைத்தால்தான் கம்பியின் பருமன் முன்பக்கத்தில் புடைத்துத் தெரியாது. ஊசி அடித்துணியையும் பஞ்சையும் பிடிக்க வேண்டும், மேல்துணியைத் தொடக் கூடாது. உறையைத் தைத்த பின் வீட்டிலேயே ஒரு கம்பியில் தொங்கவிட்டு ஒரு வாரம் விட்டு வையுங்கள். எந்த மூலை இறங்குகிறது என்பது அப்போது தெரியும். பெயர்ச்சீட்டு கீழ் மூலையில் தைக்கப்பட வேண்டும். தைத்தவர் பெயரை நடுவர்கள் அறியக் கூடாது என்பதால் அதன்மேல் ஒரு துணித்துண்டைக் குத்தி மறைத்து அனுப்பும்படி பல கண்காட்சிகள் கேட்கின்றன.

முதல் கட்டத் தேர்வு புகைப்படத்தை மட்டும் பார்த்தே நடக்கும் கண்காட்சிகளும் உண்டு. முழுப் படத்தில் நான்கு ஓரங்களும் தெரிய வேண்டும், கேமரா குவில்ட்டின் நடு உயரத்தில் நேராக நிற்க வேண்டும். நெருக்கப் படத்துக்குப் பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் வெளிச்சம் வேண்டும், இல்லாவிடில் அத்தனை தையலும் தட்டையாகத் தெரியும். விண்ணப்பத்தில் எழுதும் அளவு சதுரமாக்கி வெட்டிய பிறகு எடுத்த அளவாக இருக்க வேண்டும், ஏனெனில் நெருங்கத் தைத்த குவில்ட் தொடக்க அளவிலிருந்து நன்றாகவே சுருங்கியிருக்கும்.

வாசனையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நம் வீடுகளுக்கு இது மிகத் தேவையான செய்தி. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, கறிவேப்பிலைத் தாளிப்பு, அலமாரியில் போடும் பூச்சி உருண்டை எல்லாவற்றையும் பருத்தி உள்வாங்கி வைத்துக்கொள்ளும். நமக்கு மூக்குப் பழகிவிட்டது. பெட்டியைத் திறக்கும் அந்நியருக்கு அது முதல் அறிமுகமாகிவிடும், வாசனையுள்ள குவில்ட்டை ஏற்க மறுக்கும் விதியும் சில இடங்களில் எழுத்திலேயே உண்டு. ஆகவே கடைசி வாரங்களில் சமையலறைக்கு எட்டாத அறையில், கதவை அடைத்து, பருத்திப் போர்வை ஒன்றால் மூடி வைக்க வேண்டும். அனுப்பும் நாளில் ஒட்டும் உருளையால் இருபுறமும் நூல்துணுக்கையும் பூனை மயிரையும் எடுத்துவிட்டு, மடிப்புகளுக்குள் அமிலமில்லாத மெல்லிய காகிதத்தைச் சுருட்டி வைத்து, நடுக்கோட்டில் மடியாமல் மூன்றாக மடித்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு போட்டு அட்டைப்பெட்டியில் வைக்க வேண்டும். சுங்கப் படிவத்தில், விற்பனைக்கு அல்ல, கண்காட்சி முடிந்ததும் திரும்பி வரும் பொருள் என்பதைத் தெளிவாக எழுதி, அதன் நகலையும் புறப்படும் முன் எடுத்த படங்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அது நம்முடைய பொருள்தான் என்று காட்ட அவை பயன்படும்.