இறக்கை ஒட்டிய குட்டிச் சாப்பரல்

அரோரா நிறுவனம் 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விற்ற தண்டர்ஜெட் 500 வரிசை ஸ்லாட் கார் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வெள்ளை பாடி, சாப்பரல் 2எஃப் என்ற நிஜப் பந்தயக் காரின் குட்டி வடிவம். ஒரு உள்ளங்கையில் இப்படி இரண்டு காரை வைக்கலாம், அவ்வளவு சிறியது. பின்னால் உயரமாக நிற்க வேண்டிய இறக்கை இல்லை. அதனால்தான் நான் கொடுக்கக்கூடிய விலைக்குக் கிடைத்தது. டிராக்கை விட்டுப் பறந்து தலைகீழாக விழுந்தால் முதலில் தரையில் மோதுவது அந்த இறக்கைதான். அரை நூற்றாண்டு தாண்டி அது முழுசாக வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஸ்லாட் கார் ஓட்டியிராதவர்களுக்கு ஒரு வரி விளக்கம். டிராக்கின் நடுவே ஒரு பள்ளம், அதன் இருபுறமும் மின்சாரம் ஓடும் இரண்டு உலோகத் தண்டவாளங்கள். காரின் அடியில் இருக்கும் முளை பள்ளத்தில் இறங்கி ஓடும். ஸ்டியரிங் கிடையாது, நம் கையில் இருப்பது வேகம் ஒன்றுதான். நேர்ப்பாதையில் யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். வளைவில் எவ்வளவு விடலாம் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

எனக்கு இந்தக் கார்மேல் ஆசை வந்ததே நிஜச் சாப்பரல்களைக் கட்டிய ஜிம் ஹாலால்தான். டெக்சாஸ் எண்ணெய்க் குடும்பத்துப் பிள்ளை, கால்டெக்கில் இஞ்சினியரிங் படித்தவர். மிட்லண்ட் ஊருக்கு வெளியே ராட்டில்ஸ்னேக் ரேஸ்வே என்று சொந்தமாக ஒரு டிராக் போட்டுக்கொண்டு, ஹாப் ஷார்ப்புடன் சேர்ந்து கார் கட்டி, கட்டியதைத் தானே ஓட்டியும் பார்த்தார். 1963-ல் வந்த சாப்பரல் 2-க்கு ஃபைபர் கிளாஸில் செய்த உடற்கூடு. ஆரம்ப ஓட்டங்களில் வேகம் ஏறஏற அதன் மூக்கு தரையை விட்டுத் தூக்கியது. காற்று காரைத் தூக்குகிறது என்றால், அதே காற்றை வைத்துக் காரைக் கீழே அழுத்த முடியாதா? அங்கே பிடித்த கேள்வியை அவர் 1970 வரை விடவே இல்லை. எடையைக் கூட்டாமல் டயரை ரோட்டோடு அழுத்த வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. 1966-ல் கேன்-ஆம் என்ற கனடா-அமெரிக்கத் தொடர் பந்தயங்களுக்கு 2இ, 1967-ல் நீண்ட தூரப் பந்தயங்களுக்கு 2எஃப். இரண்டிலும் கம்புகளின் மேல் ஒரு பெரிய இறக்கை நின்றது.

அந்த இறக்கையில் என்னை மயக்கியது இரண்டு சங்கதிகள். ஒன்று, அதன் கம்புகள் பாடியில் ஊன்றப்படவில்லை. பின் சக்கரங்களைத் தாங்கும் பாகத்தின்மேலேயே நேராக நின்றன. காற்று அழுத்தும் பாரம் ஸ்பிரிங்கை நசுக்காமல் நேரே டயருக்குப் போய்விடும். இன்னொன்று, சாப்பரலில் கிளட்ச் மிதி கிடையாது. டார்க் கன்வர்ட்டர் வைத்த கியர்பெட்டி. ஓட்டுநரின் இடது காலுக்கு வேலை இல்லை. அந்தக் காலுக்கு ஹால் ஒரு மிதி கொடுத்தார். அழுத்தினால் இறக்கை மட்டமாகப் படுத்துக் காற்றுக்கு வழிவிடும், காலை எடுத்தால் சாய்ந்து காரை அழுத்தும். நேர்ப்பாதைக்கு ஒன்று, வளைவுக்கு ஒன்று. 1967 ஜூலையில் பிராண்ட்ஸ் ஹேட்ச் பந்தயத்தில் ஃபில் ஹில்லும் மைக் ஸ்பென்ஸும் இந்தக் காரில் ஜெயித்தார்கள். அந்த வருடம் மற்ற பல பந்தயங்களில் 7 லிட்டர் இஞ்சினின் முறுக்கத்தைத் தாங்காமல் கியர்பெட்டிதான் காலை வாரியது. அடுத்த வருடம் புரோட்டோடைப் கார்களுக்கு 3 லிட்டர் வரம்பு வந்ததும் 2எஃப்பின் கதை முடிந்தது.

சரி, குட்டிக் காருக்கு வருகிறேன்.

தண்டர்ஜெட் மோட்டாரை ஒருமுறை பிரித்துப் பார்த்தவர்கள் அதன் ரசிகர்களாகி விடுவார்கள். ஆர்மேச்சர், அதாவது சுழலும் கம்பிச்சுருள் பாகம், வட்டமாக, தட்டையாகப் படுத்திருக்கும். அச்சு செங்குத்தாக நிற்கும். அச்சின் உச்சியில் ஒரு பல்சக்கரம். மேல்தட்டில் அடுத்தடுத்து இருக்கும் பல்சக்கரங்கள் வழியாகச் சுழற்சி பின்னால் போய், அங்கிருந்து கீழே இறங்கி, பின் ஆக்சிலின் கிரவுன் சக்கரத்தைத் திருப்பும். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு காந்தங்கள். எல்லாமே திறந்து கிடக்கும், ஒளிவு மறைவே இல்லை. ஒரு சின்ன ஸ்குரு டிரைவரும் சாமணமும் இருந்தால் போதும்.

பிரிப்பதற்கு முன் காந்தங்களில் எது முன்னே, எது பின்னே என்று மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மாற்றிப் போட்டால் கார் பின்னோக்கி ஓடும்.

மேல்தட்டைக் கழற்றியதும் பழைய எண்ணெய் காய்ந்து வெல்லப்பாகு மாதிரி பல்லிடுக்குகளில் ஒட்டிக் கிடந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததில் அத்தனையும் வந்துவிட்டது. பாடியின் பக்கத்தில் ஆல்கஹாலைக் கொண்டு போகவில்லை. அதற்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரே போதும், பழைய பெயின்டும் எண்களும் தப்பிக்க வேண்டும் அல்லவா.

ஆர்மேச்சரின் அடிப்பக்கத்தில் மூன்று செப்புத் தகடுகள் இருக்கும், அதுதான் சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் கம்யூட்டேட்டர். மல்டிமீட்டரை எடுத்து அவற்றை இரண்டிரண்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். சாதாரண தண்டர்ஜெட்டில் 16 ஓமை ஒட்டி வரும். எண்ணைவிட முக்கியம், மூன்று அளவும் ஒன்றுபோல இருப்பது. ஒன்று மட்டும் விலகி நின்றால் சுருளில் எங்கோ கோளாறு. என்னுடையதில் மூன்றும் ஒத்துப்போயின. அப்போதே பாதிக் கவலை போய்விட்டது. கறுத்துப்போன தகடுகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் துடைத்தேன், செம்பு பளிச்சென்று வந்தது. உப்புத்தாள் போடவே கூடாது. கீறல் விழுந்தால், அதன்மேல் உரசி மின்சாரம் கொடுக்கும் கரி பிரஷ்தான் தேயும்.

பிரஷ்கள் இரண்டும் பரவாயில்லை ரகம். அவற்றைக் கீழிருந்து தள்ளும் தகடுகளைச் சாமணத்தால் தொட்டும் தொடாமலும் வளைத்து, இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் வரச் செய்தேன். அழுத்தம் குறைந்தால் பொறி பறக்கும், கூடினால் பிரேக் பிடித்த மாதிரி மோட்டார் திணறும். இந்தக் காரில் காது கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை இதுதான். மின்சாரம் கொடுத்து, தகட்டை லேசாக விரலால் தாங்கிப் பிடித்தபடி கேட்டால் சத்தம் எங்கே உயர்ந்து சீராகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்து பல்சக்கரங்கள். மேல்தட்டில் துளி பற்பசை வைத்து, குறைந்த மின்சாரத்தில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும். பற்கள் ஒன்றோடொன்று உராய்ந்து தாங்களே சீராகிக்கொள்ளும். கழுவுவதில் சோம்பல் கூடாது; மிச்சம் இருக்கும் பசை அச்சுத் துளைகளைத் தின்றுவிடும். கடைசியில் அச்சு ஒவ்வொன்றுக்கும் தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையில் எடுத்த அளவு. அதற்கு மேல் விட்டால் கம்யூட்டேட்டருக்கு இறங்கி மறுபடி கறுக்கும்.

பழைய ரப்பர் டயர்கள் கல்லாகியிருந்தன. பின்னால் சிலிக்கான் டயர் மாட்டினேன். பழைமை விரும்பிகள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும், ஆனால் அலமாரியில் வைத்துப் பார்க்க நான் இதை வாங்கவில்லை. சிலிக்கானுக்குத் தூசு ஆகாது, ஓட்டும் முன் மாஸ்கிங் டேப்பில் ஒரு உருட்டு உருட்டிவிட வேண்டும். 18 வோல்ட்டில் கார் அமைதியாக, ஒரே சீராக ஓடியது.

அப்புறம்தான் இறக்கை.

முதலில் கண்ணுக்குச் சரியாக வரட்டும் என்று அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் 30-க்கு 10 மில்லிமீட்டர் துண்டு வெட்டி, முன் விளிம்பை உருட்டி, பின் விளிம்பை மெல்லியதாகத் தேய்த்தேன். கம்புகளுக்குப் பித்தளைக் கம்பி. வெள்ளை அடித்து, பாடியில் பழைய இறக்கை நின்ற இடத்திலேயே ஒட்டியதும் கார் போட்டோக்களில் பார்த்த 2எஃப் ஆகிவிட்டது. நகை நிறுக்கும் சின்னத் தராசில் இறக்கை அரை கிராமைத் தொட்டது. மொத்தக் காரே இருபது கிராம்தான்.

டிராக்கில் விட்டால் நிலைமை வேறு. இறக்கை இல்லாதபோது 9 அங்குல வளைவில் பின்பக்கம் அழகாகச் சறுக்கி, திரும்பத் தன் வழிக்கு வந்துகொண்டிருந்தது. இறக்கை வந்தபின் சறுக்குவதற்குப் பதிலாக உள்பக்கச் சக்கரம் தூக்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கவிழ்ந்தது. நிஜக் காரை வளைவில் பிடித்து வைத்த சாமான், இங்கே காரைத் தள்ளிவிடுகிறது.

பேப்பரில் கணக்குப் போட்டேன். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், பரப்புக்கு நேராக ஏறும். என் இறக்கையின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர். நேர்ப்பாதையில் கார் நொடிக்கு 3 மீட்டர் போகிறது என்று வைத்து, தாராளமாகக் கணக்கிட்டாலும் கிடைப்பது 0.16 கிராம் அழுத்தம். காரின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வளைவில் வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசி, அதாவது 0.04 கிராம். காற்று தருவதைவிட இறக்கையின் சொந்த எடையே அதிகம் அழுத்துகிறது, அதுவும் வேண்டாத உயரத்தில் உட்கார்ந்துகொண்டு. எடை மையம் ஏறியிருப்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் பாடி ஸ்குருவை அரைத் திருப்பு தளர்த்தி ஓட்டுவது தண்டர்ஜெட்காரர்களின் வழக்கம். பாடி ஆட, அதன் தலையில் இறக்கை இன்னும் பெரிதாக ஆடுகிறது.

இரண்டாவது இறக்கைக்கு ஹாலின் வழியையே பிடித்தேன். பொருட்களை அடைத்து வரும் மெல்லிய கண்ணாடி பிளாஸ்டிக் உறையில் இறக்கையை வெட்டினேன். கம்புகளுக்குக் கிடாரின் மெல்லிய எஃகுத் தந்தி. தந்தியைப் பாடியில் ஒட்டவில்லை. இறக்கை நின்ற பழைய துளைகள் வழியாகக் கீழே இறக்கி, பின் ஸ்குருவுக்கு அடியில் ஒரு சின்னப் பித்தளைத் தகட்டில் பற்றவைத்து, சேசிஸோடு பிடித்துக்கொண்டேன். துளை பெரியது, தந்தி சன்னம் என்பதால் பாடி தன்பாட்டுக்கு ஆடலாம்; இறக்கை ஆடாது. அசல் பாடியில் ஒரு கீறலும் விழவில்லை. எடை முன்னதில் மூன்றில் ஒரு பங்கு. விழுந்தாலும் தந்தி வளைந்து நிமிர்ந்துவிடுகிறது, உடைவதில்லை. இதோடு, பாடியின் உள்ளே இரண்டு ஓரங்களிலும் அடிமட்டத்தில் மெல்லிய ஈயத் துண்டுகளை ஒட்டினேன். ஈயத்தைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இப்போது வளைவில் பழைய சறுக்கல் திரும்பிவிட்டது. இறக்கை இல்லாத காரைவிட வேகம் என்று சொல்ல முடியாது, ஆனால் கவிழ்வதில்லை, இறக்கையும் நிற்கிறது.

எடையே கூட்டாமல் அழுத்தும் வழி குட்டிக் கார்களுக்கும் பின்னால் கிடைத்தது, காற்றில் அல்ல, காந்தத்தில். 1974-ல் அரோரா கொண்டுவந்த மேக்னா-டிராக்ஷனில் மோட்டார் காந்தங்களைக் கீழே நீட்டி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். இரும்பைக் காந்தம் இழுக்க, கார் டிராக்கோடு அமுங்கியது. பின்னால் வந்த கார்களில் இது எல்லை மீறிப் போய், வளைவிலும் விரலை எடுக்காமல் ஓட்டலாம் என்றாகிவிட்டது. எனக்கு அந்தக் கார்களில் ருசி இல்லை. சறுக்காத காரை ஓட்டுவது சுவிட்ச் போடுவதற்குச் சமம்.

ஆனால் மேக்னா-டிராக்ஷன் சேசிஸ் ஒன்று டப்பாவில் கிடக்கிறது. அதற்கேற்ற ஹால் கார் ஒன்று இருக்கிறது, 1970-ன் 2ஜே. பின்னால் இரண்டு விசிறிகள், அவற்றைச் சுற்றத் தனியாக ஒரு ஸ்னோமொபைல் இஞ்சின், காரைச் சுற்றித் தரையை ஒட்டினாற்போல் நிற்கும் பிளாஸ்டிக் தடுப்புகள். அடியிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் வெளிக்காற்று காரை அழுத்தும். மெதுவான வளைவிலும் அழுத்தும், வேகம் தேவையே இல்லை. ஓட்டுநர் விக் எல்ஃபோர்ட் அதை வைத்து லகுனா செக்கா, ரிவர்சைடு போன்ற இடங்களில் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். மற்ற அணிகள் கூச்சல் போட, அந்த வருடத்தோடு தடை செய்துவிட்டார்கள். பந்தயம் ஒன்றுகூட ஜெயிக்காத காரைத் தடை செய்தது எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

2ஜேயின் உடம்பு கிட்டத்தட்ட ஒரு வெள்ளைப் பெட்டி, ஸ்டைரீன் தகட்டில் கட்டுவதற்கு இதைவிடச் சுலபமான கார் இல்லை. பக்கத் தகடுகள் வெட்டியாகிவிட்டன, முன் சக்கர வளைவுகள் இன்னும் தேய்க்கவில்லை. விசிறி வட்டங்களுக்குச் சட்டைப் பொத்தான்கள் அளவாக இருக்கின்றன, நான்கு துளைகளை அடைத்துவிட்டு மேலே இதழ்களை ஒட்ட வேண்டும். அடித்தடுப்பைத் தண்டவாளத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது என்பதுதான் இப்போதைய தலைவலி. டிராக் இணைப்புகளில் லேசான மேடு இருக்கிறது, அங்கே உரசினால் கார் நின்றுவிடும். முதலில் பெட்டியை மட்டும் சேசிஸில் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்து, அந்த மேடுகளைத் தேய்ப்பதா தடுப்பைத் தேய்ப்பதா என்று முடிவு செய்யப் போகிறேன்.