மண்டையோட்டைத் திருப்பிப் பாருங்கள்: அழிந்துபோன ஊனுண்ணிப் பைப்பாலூட்டிகளைப் படித்த அனுபவம்

அடிலெய்டில் முதுகலை படித்தபோது தொல்லுயிரியலுக்கு ஒரு பிராக்டிகல் தேர்வு இருந்தது. 20 மேசைகள். ஒவ்வொன்றிலும் ஓர் எலும்பு அல்லது அதன் வார்ப்பு. மேசைக்கு 5 நிமிடம். என்ன தெரிகிறது என்று விவரிக்க வேண்டும், எந்த வரிசை, எந்தக் குடும்பம் என்று சொல்ல வேண்டும், ஏன் என்றும் எழுத வேண்டும். மாதிரித் தேர்வில் இந்த ஊனுண்ணிப் பைப்பாலூட்டிகளில்தான் (கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வளர்க்கும் பாலூட்டிகளில் இறைச்சி தின்பவை) நான் நிறைய மதிப்பெண் இழந்தேன். அதற்குப் பிறகு படித்த விதத்தையே மாற்றினேன். இதே பாடத்துக்குத் தயாராகிறவர்களுக்கு அது உதவும் என்று எழுதுகிறேன்.

எல்லாரும் எதிர்பார்த்துப் போகும் கேள்வி, டாஸ்மேனியப் புலி எனப்படும் தைலசின். பக்கவாட்டில் பார்த்தால் அதன் மண்டையோட்டுக்கும் நாயினுடையதற்கும் வித்தியாசம் சொல்வது கடினம். அதனால் கையில் எடுத்ததும் முதல் வேலையாகத் தலைகீழாகத் திருப்புங்கள். (கன்ன எலும்பின் வளைவைப் பிடித்துத் தூக்காதீர்கள். சீக்கிரம் உடையும் இடம் அது.) தைலசினின் அண்ணத்தில் பெரிய துளைகள் இரண்டு இருக்கும், நாய்க்கு இருக்காது. அப்புறம் பற்களை எண்ணுங்கள். தைலசினுக்கு மேல்தாடையில் பக்கத்துக்கு 4 வெட்டுப்பற்கள், நாய்க்கு 3. பின்கடைவாய்ப்பற்கள் தைலசினுக்கு மேலும் கீழும் பக்கத்துக்கு நான்கு நான்கு. நாய்க்கு மேலே 2, கீழே 3. மொத்தம் 46க்கு 42. கடைசியாகக் கீழ்த்தாடையின் பின்மூலையை விரலால் தடவிப் பாருங்கள். தைலசினில் அது உள்நோக்கி மடிந்திருக்கும். பைப்பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மடிப்பு உண்டு. ஒரு முறை விரலில் பட்டுவிட்டால் மறக்கவே மறக்காது.

இதையெல்லாம் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன், தைலசினைச் சரியாகவே எழுதினேன். விழுந்தது அடுத்த மேசையில். அங்கே இருந்தது தைலகோலியோ, 'பைச் சிங்கம்'. ஆஸ்திரேலிய விலங்கு, இறைச்சி தின்றது, பெயரும் ஏறக்குறைய ஒன்று. எனவே தைலசினோடு சேர்த்து, அது அடங்கிய டாஸியூரோமார்ஃபியா வரிசை என்று எழுதிவிட்டேன். தவறு. நான் விலங்கை வகைப்படுத்தவில்லை, அதன் சாப்பாட்டை வகைப்படுத்தியிருக்கிறேன். பெயர் ஒற்றுமைக்கும் பொருள் இல்லை. 'தைலகோஸ்' என்றால் கிரேக்கத்தில் பை, அவ்வளவுதான்.

தைலகோலியோவின் வாயைப் பொறுமையாகப் பார்த்தால் அதுவே பதில் சொல்லும். கீழ்த்தாடையின் முன்னால் இரண்டே இரண்டு பெரிய வெட்டுப்பற்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கங்காரு, கோலா, வோம்பாட் எல்லாம் அடங்கிய டைப்ரோட்டோடான்ஷியா வரிசையின் அடையாளம் அது. கோரைப்பற்கள் சின்னவை; குத்திக் கொல்லும் வேலையை அந்த வெட்டுப்பற்களே செய்தன. மூன்றாம் முன்கடைவாய்ப்பல் நீண்ட கத்தி அலகாகியிருக்கிறது. அரைக்கும் பற்களோ ஒடுங்கிவிட்டன. தாவரம் தின்னும் குலத்தில் பிறந்து ஊனுக்கு மாறிய விலங்கு இது. ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1859இல் இதை விவரித்து, கொலைஞன் என்ற பொருளில் 'கார்னிஃபெக்ஸ்' என்று பெயரிட்டபோது, ஜெரார்ட் கிரெஃப்ட், வில்லியம் ஃபிளவர் போன்றவர்கள் இல்லை, இது தாவர உண்ணியாகத்தான் இருக்கும் என்று வாதிட்டார்கள். உறவை வைத்து உணவை ஊகித்தார்கள். நான் உணவை வைத்து உறவை ஊகித்தேன். இந்த விவாதத்தைப் படித்தபோதுதான் என் தவறு எனக்கு முழுசாகப் புரிந்தது.

அதன் பிறகு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு விலங்குக்கும் இரண்டு பத்தி போட்டேன். ஒன்றில் முன்னோரிடமிருந்து வந்தவை, மற்றதில் வாழ்க்கைமுறை செதுக்கியவை. வரிசையும் குடும்பமும் முதல் பத்தியிலிருந்து மட்டுமே வர வேண்டும். இப்படிப் பிரித்துப் படிக்க மிக நல்ல விலங்கு, அர்ஜென்டினாவின் கத்தமார்க்காவில் கிடைத்த தைலகோஸ்மிலஸ். 1933இல் எல்மர் ரிக்ஸ் பெயரிட்டார். வாள்பல் பூனையைப் போலவே நீண்ட கோரைப்பற்கள், ஆனால் அவை வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருந்தவை. அவற்றின் அடிப்பகுதி கண்குழிக்கு மேல் வரை போகிறது. கீழ்த்தாடையில் அந்தப் பற்களுக்கு உறைபோலத் தொங்கும் எலும்பு. பூனையோடு ஒரு உறவும் கிடையாது. இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. தைலகோஸ்மிலஸ் அடங்கிய ஸ்பராசோடோன்டா எனும் குழுவை 'பைப்பாலூட்டி' என்று பேச்சுவழக்கில் சொல்லலாம், விடைத்தாளில் எழுதாதீர்கள். இன்றைய பைப்பாலூட்டிகளின் வட்டத்துக்குச் சற்று வெளியே நிற்கும் உறவினர்கள் இவர்கள். பைப்பாலூட்டிகளையும் இப்படிப்பட்ட உறவினர்களையும் சேர்த்த பெருங்குழுவின் பெயரான 'மெட்டாதீரியா' என்று எழுதினால் சரி.

தைலசினையே இந்தத் தென் அமெரிக்கக் குழுவின் உறவாகச் சிலர் ஒரு காலத்தில் கருதினார்கள், பற்கள் அவ்வளவு ஒத்திருந்தன. 1989இல் அருங்காட்சியகத் தோலிலிருந்து எடுத்த மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ, அது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியன் டெவில் வகையறாவுக்கே நெருக்கம் என்று காட்டியது. குவிபரிணாமம் (நெருங்கிய உறவில்லாத விலங்குகள் ஒரே மாதிரி வாழ்க்கைமுறையால் ஒன்றுபோல் ஆவது) பற்றிய கட்டுரைக் கேள்விக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

தியரிக்கு ஆண்டுகள் கொஞ்சம் தேவை. டாஸ்மேனிய அரசு 1888 முதல் 1909 வரை தைலசின் தலைக்குப் பரிசு கொடுத்தது. 2,184 முறை பணம் வழங்கப்பட்டது. சட்டப் பாதுகாப்பு வந்தது 1936 ஜூலை 10. அதற்கு 59 நாள் கழித்து, செப்டம்பர் 7 அன்று, ஹோபார்ட் விலங்குக்காட்சிசாலையில், அறியப்பட்ட கடைசித் தைலசின் செத்தது. இந்த எண்களை நான் உட்கார்ந்து மனப்பாடம் செய்யவில்லை. ஒரு முறை படித்தேன், அந்த 59 மனதை விட்டுப் போகவே இல்லை.

விடை எழுதும்போது பெயரை முதலில் எழுதாதீர்கள். பெயர் எழுதியதும் கண் அந்தப் பெயருக்கு ஏற்றதை மட்டும் தேட ஆரம்பிக்கும். எந்த எலும்பு, இடமா வலமா, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எத்தனை பல், எங்கே தேய்மானம், இவற்றை எழுதிய பிறகு பெயருக்கு வாருங்கள். படம் வரைந்தால் அளவுகோல் போடுங்கள்.

உண்மைத் தேர்வின் 17ஆவது மேசையில் ஒரு கீழ்த்தாடைத் துண்டு இருந்தது. பின்பகுதி மட்டும், ஒரு பல்கூட இல்லை. மூலையைத் தடவினேன், உள்நோக்கி மடிந்திருந்தது. தைலசின் என்று எழுதக் கை பரபரத்தது. 'மெட்டாதீரியா. இதற்குக் கீழே பிரித்துச் சொல்ல இந்தத் துண்டில் ஆதாரம் இல்லை' என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். அந்த மேசைக்கு முழு மதிப்பெண் வந்தது.