மணமுறிவு மனுவும் தீர்ப்பின் நகலும்

கோத்தகிரியில் வசிக்கும் என் சித்தி மகளுக்குத் துணையாக உதகை நீதிமன்றத்துக்குச் சென்றுவந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி, திருமணம் நடந்த இடத்திலோ தம்பதியர் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்திலோ மட்டுமன்றி, மனைவி மனுதாரரானால் அவர் தற்போது வசிக்கும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்திலும் மனுத் தாக்கல் செய்யலாம். சமவெளியில் வாழ்க்கைப்பட்டு, மலையிலுள்ள பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்ட பெண்களுக்கு இது பேருதவி. இருவரும் சம்மதித்துத் தாக்கல் செய்ய ஓராண்டுப் பிரிவு வேண்டும். அதன்பின் வரும் ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க சூழலில் நீதிமன்றம் தளர்த்தலாம் என உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தவுடன் சான்றளிக்கப்பட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், ஏனெனில் மறுமணப் பதிவுக்கு அது தேவைப்படும். பழைய வழக்கைத் தேடுவோர் வழக்கு எண்ணையும் ஆண்டையும் முதலில் கண்டறிந்தால் அலைச்சல் குறையும்.