தொப்புளுக்கு மேலே கேட்ட ஓசை

எனக்கு 31 வயதானபோது இரத்த அழுத்தம் 190/110 ஆக இருந்தது. மூன்று வகை மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்கியும் 160-க்குக் கீழே இறங்கவில்லை. பெரம்பூரில் வீட்டருகே நான் பார்த்த மருத்துவர், வேலை டென்ஷன்தான் காரணம் என்றார். மாமியார் ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டார். ஒன்றரை ஆண்டு இப்படியே கழிந்தது.

பிறகு தோழி ஒருத்தியின் வற்புறுத்தலால் நுங்கம்பாக்கத்தில் ஒரு சிறுநீரக மருத்துவரைப் பார்த்தேன். அவர் என்னைப் படுக்க வைத்து, ஸ்டெதாஸ்கோப்பைத் தொப்புளுக்குச் சற்று மேலே, இடப்பக்கமாக அழுத்தி, கண்களை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். "நீயே கேட்டுப் பாரும்மா" என்று அதை என் காதில் மாட்டினார். நாடித்துடிப்புக்கு ஒருமுறை 'உஸ்' என்று ஓர் இரைச்சல், பாதி அடைத்த குழாயில் தண்ணீர் பீறுவதைப் போல, என் வயிற்றுக்குள்ளிருந்தே வந்தது.

இரத்தத்தில் பொட்டாசியம் 3.1 என்று குறைந்திருந்தது. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் இடது சிறுநீரகம் வலதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. சிடி ஆஞ்சியோகிராம் எடுத்தபோது அதற்குச் செல்லும் தமனி மணி கோத்தாற்போல் சுருங்கியும் புடைத்தும் தெரிந்தது. ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா என்றார்கள். கொழுப்பு படிவதால் வருவதன்று, தமனிச் சுவரின் தசையும் நாரும் ஒழுங்கில்லாமல் வளர்வதால் வருவது, பெரும்பாலும் பெண்களுக்கே வருவது.

தனக்கு வரும் இரத்தம் குறைந்ததும், உடம்பு முழுக்கவே அழுத்தம் குறைந்துவிட்டதாக எண்ணிச் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, உப்பும் நீரும் உடம்பில் தங்குகின்றன. தெருக்கோடி வீட்டில் தண்ணீர் ஏறவில்லை என்பதற்காக ஊருக்கே மோட்டார் போட்ட கதை என்று நான் புரிந்துகொண்டேன். கோல்ட்பிளாட் என்பவர் 1934-லேயே நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் நெருக்கி இதைக் காட்டியிருக்கிறார் என்று மருத்துவர் சொன்னபோது, என் ஒன்றரை ஆண்டு டென்ஷனை நினைத்து எரிச்சல்தான் வந்தது.

இந்நோய்க்கு முதலில் செய்வது பலூன் சிகிச்சை. தொடை வழியாகக் குழாய் செலுத்தித் தமனியை விரித்தார்கள். அழுத்தம் இறங்கியது; எட்டாவது மாதம் மீண்டும் ஏறியது. சுருக்கம் தமனி கிளை பிரியும் இடம்வரை பரவியிருந்ததால், அங்கே மறுபடி பலூன் போடுவதைவிட அறுவை சிகிச்சையே மேல் என்று முடிவானது. இந்தக் கதையைக் கேட்ட எங்கள் பெரியப்பா, கொழுப்பு படிந்து சுருங்கிய தம் தமனிக்கும் ஏதாவது செய்துவிடலாமா என்று என்னோடு வந்து கேட்டார். அவருக்கு மருத்துவர் சம்மதிக்கவில்லை. அந்த வகை அடைப்பில், மாத்திரையோடு ஸ்டென்ட் என்ற வலைக்குழாயைத் தமனிக்குள் வைப்பதால் பெரும்பாலோருக்குக் கூடுதல் நன்மை இல்லை என்று 2014-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டிவிட்டதாம்.

எனக்குச் செய்தது பைபாஸ். தொடையிலிருந்து ஒரு சிரையை எடுத்து, ஒரு முனையைப் பெருந்தமனியிலும் மறுமுனையைச் சுருக்கத்துக்கு அப்பாலும் தைத்தார்கள். தைத்த சிரை அடைத்துக்கொண்டால் சிறுநீரகத்தையே இழக்க நேரலாம் என்பதை அறுவை மருத்துவர் ஒளிக்காமல் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். ஐந்து மணி நேரம் ஆனது. ஐசியுவில் இரண்டு இரவுகள். கட்டிலோரம் தொங்கிய சிறுநீர் சேரும் பையில் எத்தனை மில்லி என்று மணிக்கொருமுறை எழுதினார்கள். வார்டுக்கு வந்தபின் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "அக்கா, காத்து பிரிஞ்சுதா?" என்பதுதான். குடல் அசையத் தொடங்கினால்தான் கஞ்சி கொடுப்பார்களாம். நான்காம் நாள் பிரிந்ததும் ஆயாம்மா அதை வார்டு முழுக்க அறிவித்தார். வயிற்றுத் தையலைவிடச் சிரை எடுத்த தொடைதான் அதிகம் வலித்தது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இப்போது 126/80. மாத்திரையே வேண்டியிராது என்று நினைத்திருந்தேன். அழுத்தத்துக்கு அம்லோடிபின் ஒன்றும், இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் ஒன்றும் தொடர்கின்றன. அழுத்தம் நெடுநாள் ஏறியே இருந்தால் மற்ற இரத்தக் குழாய்களும் இறுகிவிடும், அதனால் தமனியைச் சரிசெய்தபின்னும் கொஞ்சம் மிஞ்சும் என்றார் மருத்துவர். சிரை திறந்திருக்கிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கொருமுறை டாப்ளர் எடுக்கவேண்டும்; அடுத்தது தை மாதம்.