மே மாத வெயிலுக்கு ஒரு ஸ்டூலும் ஓட்டை போட்ட அட்டையும்

விடுமுறை விட்டு ஒரு வாரம் ஆனதும் பிள்ளைகள் "போரடிக்குது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தினமும் புதுசாக எதையாவது தேடிக் கொடுப்பதைவிட, மே கடைசி வரை நீளும் ஒரே வேலையைக் கொடுத்துவிடுவது மேல். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் பொருந்துகிற ஒன்று, உச்சிவேளைச் சூரியன் நாளுக்கு நாள் எவ்வளவு நகர்கிறது என்று அளப்பது.

தமிழ்நாட்டில் கோடையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருவது ஏப்ரலில்தான். கன்னியாகுமரியில் 10, 11 தேதி வாக்கில், மதுரையில் 16, திருச்சியில் 18, சென்னையில் 24 அல்லது 25. அதற்குப் பிறகு உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். நிழல் தெற்கே விழும். பெரியவர்களே பலர் கவனித்திராத விஷயம் இது.

குச்சி நட்டு நிழலை அளக்கலாம்தான். ஆனால் 50 செ.மீ. குச்சியின் நிழல் நுனி கிட்டத்தட்ட அரை செ.மீ. மங்கலாகத் தெரியும். ஒரு நாளைக்கு நிழல் நகர்வதோ ஏப்ரல் கடைசியில் 3 மி.மீ., மே கடைசியில் 1 மி.மீ. சொச்சம். அதனால் குச்சி வேண்டாம்.

மொட்டைமாடியில் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை வையுங்கள். கெட்டி அட்டையில் 3 மி.மீ. ஓட்டை போட்டு, அந்தப் பகுதி ஸ்டூலுக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, மேலே செங்கல் பாரம் ஏற்றுங்கள். ஓட்டை தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருந்தால் கணக்கு சுலபம். அடியில் சார்ட் பேப்பர். ஓட்டை வழியாக நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நட்டு நிற்கும் இடத்தில் புள்ளி வைத்துவிட்டு நூலை எடுத்துவிடுங்கள். காற்றில் நட்டு ஆடும் என்பதால் இதைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

சென்னையில் 11.50 முதல் 12.30 வரை, கோவையில் 12 முதல் 12.40 வரை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை காகிதத்தில் விழும் வெளிச்ச வட்டத்தின் நடுவில் புள்ளி. உடனே நிழலுக்கு வந்துவிட வேண்டும். செருப்பு, தொப்பி கட்டாயம். ஓட்டை வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. புள்ளிகளை ஸ்கேலால் இணைத்தால் ஏறக்குறைய கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். நூல் புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக எவ்வளவு தூரம் என்பதுதான் அன்றைய அளவு. நடுவில் மேகம் வந்து ஒரு புள்ளி தவறினாலும் கோடு கெடாது.

பெரும்பாலும் கெடுவது வேறு இடத்தில்: யாராவது ஸ்டூலை நகர்த்திவிடுவார்கள், வடகம் காயப்போட. கால்கள் நிற்கும் இடத்தையும் காகிதத்தின் மூலைகளையும் நெயில் பாலிஷால் தரையில் குறித்து வையுங்கள். சாக்பீஸ் கோடை மழையில் போய்விடும்.

சென்னையில் மே 1 அன்று 1.7 செ.மீ., 15 அன்று 5, 31 அன்று 7.7 என்று வரும். வேகம் குறைந்துகொண்டே போவதை வரைபடத்தாளில் அவர்களாகவே பார்க்கட்டும், முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஏப்ரல் பரீட்சையில், சூரியன் தலைக்கு மேல் வந்த நாளைத் தவறவிட்டவர்கள் வளைகோட்டைப் பூஜ்யம் வரை பின்னோக்கி நீட்டினால் அந்தத் தேதி கிடைக்கும். மே பிற்பாதிப் புள்ளிகளை மட்டும் வைத்து ஸ்கேலால் நீட்டினால் ஏப்ரல் 16 பக்கம் போய் நிற்கும். ஏன் தப்பு என்று யோசிக்க ஒரு சாயங்காலம் முழுக்கக் கொடுக்கலாம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு மதுரையில் சித்தி பையனோ அத்தை பெண்ணோ இருந்தால் இன்னும் நல்லது. ஒரே நாளில், ஒரே உயரத்தில் இருவரும் அளந்தால் சுமார் 2.8 செ.மீ. வித்தியாசம் வரும். அளவை 50ஆல் வகுத்து, முக்கோணவியல் டேன் (tan) அட்டவணையில் இருவரும் தங்கள் கோணத்தைக் கண்டுபிடித்துக் கழித்தால் கிட்டத்தட்ட 3.2 டிகிரி. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக ஏறக்குறைய 350 கி.மீ. அதை 360ஆல் பெருக்கிக் கோண வித்தியாசத்தால் வகுத்தால் பூமியின் சுற்றளவு, 40,000 கி.மீ. பக்கத்தில் வரும். பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் செய்த கணக்கு இதுதான். பஸ் போகும் தூரத்தைப் போட்டால் விடை ஊதிவிடும். மேப்பில் நேர் வடக்கு தெற்கு தூரத்தையே எடுக்கச் சொல்லுங்கள். 1 மி.மீ. பிசகினாலே விடை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். அதனால் ஒரு நாள் அளவை நம்பாமல், பத்து நாள் அளந்து சராசரி எடுக்கட்டும்.